ஒன்று இல்லாத றிங்

முதலாம் பரிசோதகர் போட்ட புள்ளி பூச்சியம். இரண்டாம் பரிசோதகராகிய நான் போட்டது முழுப் புள்ளி. இரண்டும் ஒரே விடைக்கு. எங்கள் கணிதத் துறையில் அப்படியொரு இழுபறி அதற்கு முன் வந்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, வெள்ளைத்தாளுக்குத் தட்டுப்பாடு, ஆனாலும் பரீட்சை நடந்தது. நான் புத்தூரிலிருந்து சைக்கிளில் வந்துபோன இளம் விரிவுரையாளர். முதலாம் பரிசோதகர் எங்கள் துறைத்தலைவர் சிவபாதம் சேர். நல்ல மனிதர்தான், ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் இலேசில் இறங்கி வரமாட்டார். நானும் அப்படித்தான் என்று வீட்டில் சொல்வார்கள்.

பிரச்சினை விளங்கக் கொஞ்சம் கணிதம் வேண்டும், பயப்படாதீர்கள். றிங் என்றால் கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் விடை வெளியே போகாத ஓர் எண் கூட்டம். எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை ஒன்றென்றால் அது கொமியூட்டேற்றிவ் றிங். முழு எண்கள் அப்படியானவை. இரட்டை எண்களை மட்டும் எடுத்தாலும் றிங்தான், ஆனால் அதற்குள் 1 இல்லை. 1 இல்லாததைச் சிலர் றிங் என்றே ஒத்துக்கொள்வதில்லை. சேர் அந்தக் கட்சி. நான் மற்றக் கட்சி. அந்த வருடம் பாடம் எடுத்தது நான், வினாத்தாள் போட்டது அவர். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

ஐடியல் என்பது றிங்குக்குள் ஒரு சிறு கூட்டம். அதற்குள் கூட்டிக் கழித்தாலும் சரி, றிங்கின் எந்த எண்ணால் பெருக்கினாலும் சரி, விடை அதற்குள்ளேயே நிற்கும். தனக்கும் முழு றிங்குக்கும் இடையில் வேறு ஐடியல் இல்லையென்றால் அது மக்சிமல். இரண்டு எண்களின் பெருக்கம் உள்ளே விழும்போதெல்லாம் அவற்றில் ஒன்றாவது உள்ளே இருந்தால் அது பிறைம். சேர் கேட்ட கேள்வி, கொமியூட்டேற்றிவ் றிங்கில் மக்சிமல் ஐடியல் எல்லாம் பிறைம் என்று நிறுவச் சொன்னது. வழக்கமான நிறுவல் நாலைந்து வரிதான், ஆனால் அதன் நடுவில் 1 வந்தே தீரவேண்டும்.

எல்லாப் பிள்ளைகளும் அதை எழுதியிருந்தார்கள். ஒரு விடைத்தாளில் மட்டும் ‘இந்தக் கூற்று பிழை’ என்று இருந்தது. இரட்டை எண்களை எடு, அதற்குள் நாலின் மடங்குகளை எடு. அது மக்சிமல். ஆனால் இரண்டும் இரண்டும் பெருக்கினால் நாலு, நாலு உள்ளே இருக்கிறது, இரண்டு இல்லை. ஆகவே பிறைம் அல்ல.

விடைத்தாளில் பெயர் இருக்காது, சுட்டெண்தான். ஆனாலும் வருடம் முழுவதும் பயிற்சி திருத்திய எனக்கு அந்தச் சரிந்த எழுத்து யாருடையது என்று தெரியாமல் இருக்குமா? குருநகர் ஜெசிந்தா. தகப்பன் கடற்றொழிலாளி, கடலுக்குப் போகத் தடை இருந்த காலம். இந்தப் பாடத்தில் நல்ல புள்ளி வந்தால்தான் கணிதத்தையே சிறப்பாகப் படிக்கும் ஸ்பெஷல் பட்டத்துக்கு எடுபடுவாள். இல்லையென்றால் அவளுடைய கணிதம் அத்தோடு முடிந்தது. சேரிடம் பெயரைச் சொல்லக் கூடாது. விடையை வைத்து மட்டும் வாதாட வேண்டும்.

“நிறுவல் தெரியாத ஆள் கேள்வியிலை பிழை பிடிக்குது. உதுக்கு முழுப் புள்ளியோ?” என்றார் சேர்.

“சேர், றிங்குக்கு 1 இருக்கெண்டு கேள்வியிலை எங்கை இருக்கு?”

“அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் தானே.”

“நான் வகுப்பிலை அப்பிடிப் படிப்பிக்கேல்லை, சேர்.”

“அப்ப மற்றப் பிள்ளையள் எல்லாரும் 1 இருக்கெண்டு எடுத்து எழுதினது பிழையோ? அவையளுக்கு வெட்டுவமோ? சொல்லும்.”

ஒரு பிள்ளைக்காக வாதாடி ஒரு வகுப்பையே விழுத்த இருந்தேன். கோபமும் வந்தது, அவர் கேட்டது நியாயம் என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. விடைத்தாளின் முந்தின பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். அங்கே வழக்கமான நிறுவல் முக்கால்வாசி எழுதப்பட்டு, 1 வரும் வரியில் நின்று, ஒற்றைக் கோட்டால் வெட்டப்பட்டிருந்தது.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப வாசித்தார்.

“நிறுவல் தெரிஞ்சிருக்கு,” என்றார் கடைசியில். “கேள்வியை ஒழுங்காய்ப் போடாதது நான். மற்றப் பிள்ளையள் நான் நினைச்ச கேள்விக்கு விடை எழுதியிருக்கினம். இந்தப் பிள்ளை நான் எழுதின கேள்விக்கு எழுதியிருக்கு. ரண்டுக்கும் முழுப் புள்ளி போடும்.” சிவப்புப் பேனையால் பூச்சியத்தை வெட்டித் தானே கையெழுத்து வைத்தார்.

ஸ்பெஷல் தெரிவுக்கு நேர்முகம் வைத்தபோது ஜெசிந்தா கதிரையின் நுனியில் இருந்தாள். சேர் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

“பிள்ளை, நிறுவல் தெரிஞ்சும் ஏன் வெட்டினீர்? அப்பிடியே எழுதி முடிச்சிருந்தால் புள்ளி வந்திருக்கும்.”

“ஓம் சேர்.”

“பிழைச்சிருந்தால் ஸ்பெஷல் போயிருக்கும். அது தெரியாதோ?”

“தெரியும் சேர். ஆனால் பிழையெண்டு கண்ட பிறகு அதை எப்பிடி சேர் நிறுவுறது?”

சேர் என்னைப் பார்த்தார். “இவவை எடுக்காமல் வேறை ஆரை எடுக்கிறது?” என்றார்.

இப்போது விரிவுரைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் நாளே உங்கள் றிங்குக்கு 1 உண்டா இல்லையா என்று கரும்பலகையில் எழுதிவிடுங்கள். அதை எழுத மறந்தாலும், ‘கேள்வி பிழை’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால் பூச்சியம் போடுவதற்கு முன் உங்கள் கேள்வியை ஒருமுறை வாசியுங்கள். அந்த வரியை எழுத அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.