பொட்டானிக்கல் கார்டன் நாகலிங்கம்

என் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். பென்ஷனை வாங்கிக்கொண்டு புதுச்சேரியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், தென் அமெரிக்காவில் இருக்கும் பிரெஞ்சு கயானாவுக்குச் சமையல்காரராகப் போனார். ஆற்றில் படகேறிப் போக வேண்டிய மழைக்காடு. ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் தங்கும் முகாம். குடும்பத்தைக் கூட்டிப்போக வழியில்லை. எனக்கும் லாஸ்பேட்டையில் டீச்சர் வேலை.

"ஒரே ஒரு வருஷம். வந்துட்டேன்னு வச்சிக்கோ" என்றார். அந்த ஒரு வருஷம் வளர்ந்துகொண்டே போனது.

ஞாயிறு மதியம் போன் வரும். நான் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம் அங்கே விடிகிற நேரம். "சாப்ட்டியா?" என்று ஒரு வார்த்தை, அப்புறம் முழுக்கக் காடுதான். "இத கேளு" என்று போனை வெளியே நீட்டுவார். புயல் காற்று போல ஓர் இரைச்சல் கேட்கும். குரங்குகளாம். பன்றி மாதிரி உடம்பும் குட்டித் தும்பிக்கையுமாக ஒரு பிராணி ஆற்றில் நீந்துகிறதாம். ஒரு மரத்தைப் பார்த்தால், அதே ஜாதி மரத்தை மறுபடி பார்க்க வெகுதூரம் நடக்க வேண்டுமாம். உள்ளங்கை அகல நீலப் பட்டாம்பூச்சி சமையல் கொட்டகைக்குள் வந்துபோகுமாம். எனக்குக் கேட்கவும் ஆசை, வயிறும் எரியும். ஒருத்தியோடு ஓடிப்போயிருந்தால் அவள் முடியைப் பிடித்துச் சண்டை போடலாம். காட்டோடு என்ன செய்வது?

ஒரு ஞாயிறு சொன்னார்: "நம்ம கோயில்ல பூக்குமே நாகலிங்கம், அது இங்க தானா வளந்து நிக்குது. இதான் அதுக்குச் சொந்த ஊராம்."

"போங்க. சிவன் மரம் அங்க எப்பிடி வந்துச்சு?"

"இங்க யாரும் கும்புடல. காய் விழுந்து உடையுது, காட்டுப் பன்னிங்க கூட்டமா வந்து தின்னுட்டுப் போவுது."

பொட்டானிக்கல் கார்டனில் ஒரு நாகலிங்க மரம் உண்டு. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும். அன்றிலிருந்து, போனை வைத்ததும் கிளம்பிப் போய் அதன் கீழே நிற்பேன். அவரும் நானும் பார்க்கிற பொருள் அது ஒன்றுதான். காய் உடைந்து கிடந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கும். மூக்கைப் பொத்திக்கொண்டாவது நிற்பேன். அவ்வளவு ஏக்கம் அவர்மேல். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சில வருஷம் கழித்து, முழங்கால் தேய்ந்து, ஒரேயடியாக ஊர் திரும்பினார். நான் தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தேன். ஆனால் வந்தவர் பேசவில்லை. என்ன கேட்டாலும் "ம்" தான். டிவி ஓடும், பார்வை வேறெங்கோ இருக்கும். சாயங்காலமானால் "தோ, வந்துட்டேன்" என்று ஸ்கூட்டரை எடுப்பார்.

ஒருநாள் கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டேன். வண்டி பொட்டானிக்கல் கார்டன் வாசலில் நின்றது. நேராகப் போய் அந்த மரத்தடியில் நின்றார். ஒரு காய் விழுந்து உடைந்திருந்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்தினேன். அவர் கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுத்தார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். நான் நின்ற நிற்புதான் அது.

அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு கேட்டேன்.

"அங்க இப்ப காலைதான? பன்னிங்க வந்திருக்குமா?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இந்நேரம் வந்திருக்கும். குட்டிங்கள நடுவுல வுட்டு ஓட்டிக்கினு வரும்..."

காவலாளி விசில் ஊதுகிறவரை பேசினார். ஞாயிறு மதியங்களில் போனில் வந்த குரல் அது. அவர் ஊர் திரும்பியபிறகு அன்றைக்குத்தான் அதைக் கேட்டேன்.