வேலியோர யுரேனஸ்

"நில்லு உல்லா, நில்லு! அங்கயே நிறுத்து!" என்று வேலிக்குப் பின்னாலிருந்து வெர்னர் கத்தினார்.

உல்லா நிறுத்தவில்லை. நீளக் கம்பின் முனையில் சக்கரம் வைத்த அளவுகருவியைத் தள்ளிக்கொண்டு யுரேனஸ் கம்பத்தைத் தாண்டிப் போனாள். மீட்டருக்கு ஒரு சத்தம். கம்பத்தருகே கருவி 2,740 காட்டியது. கம்பத்தின் பலகையில் 2,870 என்று இருந்தது. பன்றிப் பண்ணையின் சாணித் தொட்டிக்குப் பக்கத்தில்தான் 2,870 வந்தது. அங்கே ஒரு குச்சியை நட்டுச் சிவப்புத் துணி கட்டினாள்.

உல்லா நில அளவைத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்று ஆர்ஹூஸ் நகரிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து இரண்டு மாதம். வந்ததும் கோள்பாதைக் குழுவில் சேர்ந்தாள். நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன், கூட்டத்துக்குக் காபி போடுவது என் பொறுப்பு.

சூரியனிலிருந்து கோள்கள் இருக்கும் தூரத்தைச் சுருக்கி, கோளுக்கொரு கம்பம் நட்ட நடைபாதை அது; நூலக வாசலில் தொடங்குகிறது. அங்கே மார்பளவு உயரத்தில் மஞ்சள் சூரியன். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் கிலோமீட்டர். பூமி நூற்றைம்பதாவது மீட்டரில், ஒரு கொண்டைக்கடலை. ரொட்டிக் கடை வருவதற்குள் செவ்வாயும் முடிந்துவிடும். குழந்தைகளோடு வருபவர்கள் பெரும்பாலும் அங்கேயே ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பெட்ரோல் பங்கில் வியாழன், விளையாட்டு மைதானத்தில் சனி. அதற்குப் பிறகு ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் வயலும் காற்றும் தவிர ஒன்றுமில்லை. வெர்னரின் வேலியோரம் வந்து சேர்பவர்கள் களைத்திருப்பார்கள். அங்கே பெஞ்சு உண்டு. வெர்னரிடம் பிளாஸ்க் உண்டு.

அவர் நகராட்சியில் பனி அள்ளும் வண்டி ஓட்டியவர். மனைவி ரிக்மோர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. யுரேனஸ் ஒரு நெல்லிக்காய் அளவு கண்ணாடி உருண்டை. நிஜ யுரேனஸைப் போலவே அதன் அச்சும் படுத்த நிலையில் இருக்கும். விழுந்துவிட்டது என்று நினைத்து யாராவது நிமிர்த்திவிட்டுப் போவார்கள். வெர்னர் வந்து மறுபடி படுக்க வைப்பார்.

வெர்னருக்கு எண்பது வயதானபோது தெருவே விருந்துக்குத் தயாரானது. அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

"எண்பதுல என்ன இருக்கு? யுரேனஸ் ஒரு சுத்து சுத்த எண்பத்து நாலு வருஷம். நாலு வருஷம் பொறுங்க, எனக்கு ஒரு வயசாகும். அப்ப வாங்க, அந்தக் கம்பத்துக்கிட்டயே கொண்டாடுவோம்."

பொறுத்தோம். அவருக்கு எண்பத்து நாலு வயது நிறையும் புதன்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கும்போது உல்லா சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை மாலை குழு கூடியது.

"பதிமூணு கோடி கிலோமீட்டர் தப்பு," என்றாள் உல்லா. "கிட்டத்தட்ட பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்றாங்க. நாளைக்கே மாத்திடணும்."

"சாணித் தொட்டிக்குப் பக்கத்துலயா?" என்றேன்.

"யுரேனஸ் மேகத்துலயும் அழுகின முட்டை நாத்தம்தான். பொருத்தமா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னரும் சிரித்தார்.

"ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"பாதை போட்டதுலேர்ந்து பதினெட்டு வருஷம் பொறுத்தாச்சு வெர்னர்."

கை தூக்கச் சொன்னபோது வெர்னரும் தூக்கினார். கணக்கு சரிதான் என்பது அவருக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மதியம் உல்லா, வெர்னர், நான் மூவரும் தோண்டினோம். நல்ல மண்வெட்டி வெர்னரிடம்தான் இருந்தது. கம்பத்தின் அடியில் சிமெண்ட் ஆழமாக இறங்கியிருந்தது.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல," என்றாள் உல்லா. "கருவி தப்பா இருந்தா எல்லாமே தப்பா இருக்கணும். சனி சரியா இருக்கு. நெப்டியூன் சரியா இருக்கு. இது மட்டும் எப்படி? அளந்தது யாரு?"

"நான்தான்," என்றார் வெர்னர்.

"என்ன ஆச்சு?"

"மூணு மணி ஆச்சு."

"அதுக்கு?"

"ரிக்மோர் ஜன்னலத் தட்டினா. காபி."

"குடிச்சிட்டு வந்து மிச்சத்த அளந்திருக்கலாமே?"

"கேக்கும் இருந்துச்சு." வெர்னர் மண்வெட்டியின் மேல் சாய்ந்துகொண்டார். "வெளியில வந்தா மழை. கம்பம் வேலியோரமா கிடந்துச்சு. நூத்து முப்பது மீட்டர்தானே, யார் பாக்கப்போறான்னு அங்கயே நட்டுட்டேன். மறுநாள் நெப்டியூனுக்கு நூலகத்துலேர்ந்து புதுசா அளந்தேன். இது அப்படியே நின்னுடுச்சு. யார்கிட்டயும் சொல்லல."

உல்லா அவரைப் பார்த்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இப்பவும் மூணு மணிதான்," என்றாள்.

உள்ளே போனோம். வெர்னர் காபி ஊற்றினார். பலகை எண்ணைச் சரிபார்க்க, அலமாரியிலிருந்த வானியல் கையேட்டை உல்லா எடுத்தாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்து இரண்டு முறை படித்தாள். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"இருநூத்து எண்பத்தேழு கோடிங்கறது சராசரி," என்றாள் கடைசியில்.

"தெரியும். பலகையில போட்டிருக்கே."

"பாதை வட்டமில்ல. கிட்ட வரும், எட்டப் போகும். கிட்ட வர்றப்ப எவ்வளவு தெரியுமா? இருநூத்து எழுபத்து நாலு கோடி."

வெர்னர் கோப்பையைக் கீழே வைத்தார். "என் வேலி."

"உன் வேலி. அறுபத்தாறுல அங்கதான் இருந்துச்சு. மறுபடி ரெண்டாயிரத்து அம்பதுல வரும்."

"எட்டப் போறப்ப?"

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கணக்குப் போட்டாள். "மூவாயிரத்து அஞ்சு மீட்டர். கல்லறைத் தோட்டத்து வாசல்."

"அங்க ரிக்மோர் இருக்கா. எனக்கும் இடம் வாங்கிப் போட்டாச்சு. அவசரமில்ல."

உல்லா காபியை ஒரே மூச்சில் குடித்தாள். "கம்பம் தப்பில்ல. பலகைதான் தப்பு. எழுந்திரு, குழிய மூடணும்."

"குழுவுக்கு என்ன சொல்லுவ?"

"கையேட்டக் காட்டுவேன். கேக்கப் பத்தி நான் ஏன் சொல்லணும்?"

"நான் சொல்லிடுறேன்," என்றார் வெர்னர். அன்று மாலையே எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டார். ரிக்மோர் எந்த கேக் செய்திருந்தாள் என்பதைத்தான் பலரும் கேட்டார்கள். ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டு போட்டது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் வீட்டுக் கொடிமரத்தில் பிறந்தநாளுக்கான கொடி ஏறியது. தெருக்காரர்கள் சூடான ரொட்டியோடு வந்தார்கள். பெஞ்சைச் சுற்றி நின்று பாடினோம். கேக்கில் சின்னக் காகிதக் கொடிகள், நடுவில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. காற்று அதை இரண்டு முறை அணைத்தது. உருண்டையை வெர்னர் காலையிலேயே துடைத்துப் படுக்க வைத்திருந்தார்.

"ஒரு விஷயம் வெர்னர்," என்றாள் உல்லா. "ஒரு சுத்துக்கு எண்பத்து நாலு வருஷமும் ஏழு நாளும் ஆகும். உனக்கு இன்னும் ஒரு வயசு ஆகல."

"அப்படின்னா அடுத்த புதன்கிழமையும் கேக் உண்டு," என்றார் அவர். "நீதான் கொண்டு வரணும்."

வியாழக்கிழமை மழை பெய்தது. வெர்னர் குழி மூடிய இடத்தில் மண்ணை மிதித்துச் சமப்படுத்தினார். உல்லா பழைய பலகையைக் கழற்றி, வெள்ளைப் பெயிண்டில் 2,740 என்றும் அதன் கீழே "மிக அருகில் வரும்போது" என்றும் எழுதி, வெர்னரின் வீட்டுக்குள் காய வைத்தாள். சாணித் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த குச்சியை நான் பிடுங்கி வந்தேன். பதினோரு மணிக்கு இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். அவர்களில் ஒருவர் உருண்டையை நிமிர்த்தி வைத்தார். அவர்கள் காபி குடித்துவிட்டுப் போன பிறகு வெர்னர் அதைப் படுக்க வைத்தார்.