நீர்ப்பல்லிக்குப் புழு தேடி

“தையல்காரருக்குக் கிறுக்கு, பல்லிக்கு ஐஸ் வைக்கிறாரு” என்று தெருவே சிரிக்கிறது. அது பல்லியா? தண்ணீரில் வாழும் நீர்ப்பல்லி, சூடு ஆகாது. கல்யாணமாகிப் போன மகள் விட்டுச்சென்ற செல்லம். குளோரின் போக, குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் வைத்திருந்துதான் அதன் தொட்டியில் ஊற்றுவார் தையல்காரர். வெயில் நாளில் ஐஸ் பாட்டிலை மிதக்கவிடுவார். மனைவி இறந்தபின் ஓராண்டாக வாசற்படி தாண்டாத மனிதருக்கு அதுதான் பேச்சுத்துணை.

மூன்று நாளாக அது தீனியைத் தொடவில்லை. பதறிப்போய் மகளுக்குப் போன் போட்டார்.

“காய்ஞ்ச தீனி சலிச்சிருக்கும்ப்பா. பூங்காவுல மண்புழு தோண்டிட்டு வாங்க.”

“நானா? வெளியிலயா?”

“அம்மா இருந்தா உங்களைப் பிடிச்சுத் தள்ளியிருப்பாங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தைத்துக்கொண்டிருந்த துணியில் ஊசியைக் குத்திவைத்து, நீர்ப்பல்லி ஏறி வெளியேறாதபடி தொட்டியை மூடினார்.

“உன் புண்ணியத்துல வெயிலைப் பார்க்கப் போறேன், ராசா” என்று அதனிடம் சொல்லிவிட்டு, டப்பாவோடு வாசல் தாண்டி நடந்தார்.