பூசணிக்குத் தைத்த பை

சுதா, மணி, என் மக்களே,

நேற்று சுதா போனில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூசணி இலையில் வட்ட வட்டமாக ஓட்டை. ஓரத்தில் ஒரு சிவப்பு வண்டு, சொந்த வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருக்கிறது. இதற்கு என்ன மருந்து அடிக்கவேண்டும் என்று கீழே மலையாளத்தில் கேட்டிருந்தாய். இரண்டு வரியில் பதில் எழுதலாம்தான். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவனுக்குச் சுருக்கமாக எழுத வராது. தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும், தெரியும். மெதுவாக வாசி. தம்பிக்கும் வாசித்துக் காட்டு.

மருந்து வேண்டாம். விடிகிற நேரத்தில் இலையில் பனி இருக்கும், வண்டுக்குச் சோம்பல். கையாலே எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடு. ஈரம் காய்வதற்குள் இலைமேல் சாம்பல் தூவு.

சாம்பல் என்று எழுதியதுமே எனக்கு அந்த வாடை வந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில் நான் மூட்டை இறக்கிய கடைக்கு எதிரே ஒரு டீக்கடை, விறகடுப்பு. அங்கே சாம்பல் வாங்கி, மண்சட்டியில் போட்டுத் துணி கட்டி, கரமனைக்கு பஸ்ஸில் கொண்டுவருவேன். பக்கத்தில் நிற்பவர்கள் சட்டியைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, மரியாதையாக விலகி இடம் தருவார்கள். வீட்டில் வந்து சொன்னால் உங்கள் அம்மா சிரிப்பாள். பின்னாளில் அவர்கள் நினைத்த மாதிரியே, உங்கள் அம்மாவின் சட்டியையும் நான் சுமந்தேன். அன்றைக்கும் இடம் தந்தார்கள்.

கரமனை வாடகை வீட்டின் முற்றம் உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. ரோடு அகலப்படுத்த அளந்து, முற்றத்தின் நடுவில் மஞ்சள் கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கல்லை ஒட்டித்தான் அம்மா விதை போட்டாள். அவள் பிறந்த போனக்காடு எஸ்டேட்டில், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீட்டுப் பின்புறம் காய்த்த பூசணியின் விதை. லயம் காலியாகி ஆட்கள் மலையிறங்கிய பிறகு அந்தக் கொடியும் இல்லை. அவளிடம் இருந்தது கைப்பிடிகூட இல்லாத பழைய விதை. முளைத்தது ஒன்றே ஒன்று. அதில் ஒரு காயாவது முற்றினால்தான் மறுபடி விதை. அதற்குள் ஜேசிபி வந்துவிடக் கூடாது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஓமனா சேச்சி. நம் பூசணி அவளுக்கு மத்தன். தினமும் எட்டிப் பார்த்து அம்மாவைக் கேட்பாள்.

"எந்தா செல்வீ, மத்தனுக்கு ஸ்டே ஆர்டர் கிட்டியோ?"

"கிட்டி சேச்சி. இது பழுத்த பின்னே ரோடு போட்டா போதும்."

வண்டு போனது, ஈ வந்தது. பழ ஈ பிஞ்சில்தான் குத்தி முட்டை வைக்கும். வெளியே ஊசிமுனை அளவு புள்ளி, உள்ளே முழுக்கப் புழு. முதலில் வந்த பிஞ்செல்லாம் அப்படியே அழுகி விழுந்தது. அதை மண்ணில் விடாதே சுதா, புழு மண்ணுக்குள் இறங்கி மறுபடி ஈயாக வரும். அம்மா வாளித் தண்ணீரில் அமுக்கிவைத்தாள். சிரட்டையில் பாளையங்கோடன் வாழைப்பழத்தைப் பிசைந்து, வெல்லமும் சோப்புத் தண்ணீரும் சேர்த்துக் கொடிப் பந்தலில் தொங்கவிட்டாள். பழம் வாங்கிவருவது என் வேலை. வருகிற வழியில் பசிக்கும்.

"ஈக்கு வாங்கின பழத்தை நீங்க தின்னா, ஈ என்ன உங்க வாயிலயா வந்து விழும்?" என்றாள்.

கடைசியாக வந்த பிஞ்சுக்குத்தான் பை. அப்போதெல்லாம் கடைக்கு மைதா வெள்ளைத் துணிப்பையில் வரும். அதை வெட்டி, சின்னதாகத் தைத்து, பூ வாடிய அன்றே பிஞ்சுக்கு மாட்டி, வாயில் பாவாடை நாடாவைக் கோர்த்து இறுக்கினாள். காய் பெருத்தது, பை பிடித்தது. ஒரு பக்கத் தையலைப் பிரித்து சுதாவின் பழைய யூனிஃபார்ம் நீலத்தில் ஒரு துண்டு வைத்தாள். மறுபடி பிடித்தது. மணியின் கட்டம்போட்ட சட்டையில் ஒரு துண்டு.

"தோடு முற்றியாச்சே, இனி ஈச்ச குத்தில்ல" என்று தோல் முற்றியதைக் காட்டிச் சேச்சி சொல்லிப் பார்த்தாள்.

"இருக்கட்டும் சேச்சி. பிள்ளை வளருது, சட்டை பத்தலை."

காம்பு காயத் தொடங்கியிருந்தபோது ஜேசிபி வந்தது. சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். ஓட்டுகிற தம்பி திருநெல்வேலிப் பக்கம். அம்மா அவனிடம் போனாள்.

"தம்பி, அந்தக் கொடியை மட்டும் கடைசியா எடுக்க முடியுமா?"

"கொடிக்கெல்லாம் நான் என்னக்கா பதில் சொல்ல?" என்றான். பையைப் பார்த்தான். "உள்ள என்ன?"

"பூசணி."

"பூசணிக்குப் போய் சட்டையா? சரி, நான் அந்தக் கோடியில இருந்து வாரேன். சாயங்காலத்துக்குள்ள அறுத்துக்கோங்க."

அவள் உடனே அறுக்கவில்லை. மதில் விழுந்தது, கிணற்றடி போனது. பல்லுப்போட்ட அந்தக் கை பந்தல் வரைக்கும் வந்தபிறகுதான் அறுத்தாள். அதுவரைக்கும் அது கொடியில் இருக்கட்டும் என்றாள்.

புது வீட்டில் பல நாள் மூலையில் வைத்திருந்து வெட்டினோம். நீங்கள் இருவரும் சதையின் நிறத்தைப் பார்த்தீர்கள். அவள் விதையைக் கிள்ளிப் பார்த்தாள். பருப்பு இருந்தது. மாடி வீட்டில் மண் ஏது? விதையில் பெரும்பங்கை சேச்சிக்குக் கொடுத்தாள். சேச்சி நெடுமங்காட்டுக்குப் போன பிறகும் வருஷா வருஷம் போட்டு, வருஷா வருஷம் கொடுத்தனுப்பினாள். சுதா கொண்டுபோன விதை அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது அந்த முற்றத்தின்மேல் பஸ் ஓடுகிறது. நானும் அதில் போகிறேன், எந்த இடம் என்று சொல்லத் தெரியவில்லை. டீக்கடையில் கேஸ் அடுப்பு. மைதா பிளாஸ்டிக் சாக்கில் வருகிறது. சேச்சியும் வீட்டை விற்றுவிட்டு மகனோடு துபாய்க்குப் போய்விட்டாள். அதனால் சுதா, உன் கொடி இருந்தால்தான் இனி அந்த விதை உண்டு.

பை என்னிடம் இருக்கிறது. அனுப்புகிறேன்.

இதை எழுதிவைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பிஞ்சுக்கு இத்தனை பெரிய பை எதற்கு, நீலத் துண்டையும் கட்டத் துண்டையும் எடுத்துவிட்டால் பழைய அளவுக்கு வரும் என்று பிளேடை எடுத்தேன். ஒரு தையல் பிரிந்தது. அதோடு பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தும், ஊசியில் நூல் கோர்க்க வெகுநேரம் ஆனது. அந்த ஒரு தையலைத் திரும்பப் போட்டேன்.