கயிறு டீச்சர்

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வந்தால் அடைமழை பெய்யும் என்பார்கள். பெய்துவிட்டுப் போகட்டும். என் கூடப்பிறந்தவனைவிட அவன் கட்டிக்கொண்டு வந்தவள்தான் எனக்கு உசத்தி. இதைச் சொல்ல எனக்கு யார் பயமும் கிடையாது.

என் சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை உண்டு. சாயங்காலங்களில் அண்ணி அங்கேதான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். கீழே நான் இஸ்திரி போடுகிற சூடு மேலே தரைக்கு ஏறும். குளிர் நாட்களில் படிக்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலைத் தரையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் வளர்ந்த ஆட்கள்: ரொட்டிக்கடைக்காரர், லிஃப்ட் மெக்கானிக், ஆஸ்பத்திரி ஆயாம்மா, இப்படி. ஆங்கில வார்த்தைகள் அவர்களுக்கு ஓரளவு தெரியும். ஒட்டவைக்கத்தான் தெரியாது. ரொட்டிக்கடைக்காரர் காலையில் எழுந்ததிலிருந்து கடை திறக்கும்வரை ஒரே மூச்சில் 'அண்ட்' போட்டுச் சொல்லி முடிப்பார். "அண்ணாச்சி, ரயிலை எங்கயாவது நிறுத்துங்க, நாங்க இறங்கணும்" என்பாள் அண்ணி.

அதற்கு முன்னால் அவள் ஒரு கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தாள். பார்சல் வரவில்லை என்று சண்டை போடுகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது வேலை. உங்கள் பார்சல் தாமதம், எங்கள் டிரைவருக்குக் காய்ச்சல் என்று எழுதினால் இன்னும் எகிறுவார்கள். நடுவில் ஒரு 'பிகாஸ்' போட்டால் பாதிப்பேர் அடங்கிவிடுவார்கள். டிரைவருக்குக் காய்ச்சல் என்றாலும் நாளைக்கே கொண்டுவருகிறோம் என்று 'ஆல்தோ'வில் ஆரம்பித்தால் சிலர் நன்றிகூட எழுதுவார்கள். "ரெண்டு வாக்கியத்தைத் தனித்தனியா விட்டா, படிக்கிறவங்க நடுவுல கோபத்தைப் போட்டுக்கிறாங்கம்மா" என்பாள் என்னிடம்.

அந்த வேலையில் அடுத்த படி அவள்தான் பிரிவுக்குத் தலைவி என்று பேச்சு இருந்தது. அப்போதுதான் என் அண்ணன் ஆரம்பித்தான். அவன் வாய் இருக்கிறதே, இல்லாத ஊருக்கு டிக்கெட் விற்றுவிடும்.

"அந்த வேலையை விடு. நாம சொந்தமா ஆரம்பிப்போம். இன்னைக்கு மாடி ரூம், நாளைக்கு மெயின் ரோட்டுல பெரிய ஹால். அதுக்கு நீதான் தலைமை டீச்சர். திறப்பு அன்னைக்கு முதல் பாடம் நீதான் நடத்தணும், சொல்லிட்டேன்" என்றான்.

அவள் நம்பினாள். வேலையை விட்டாள். தனக்கென்று ஒரு ஹேர்பின்கூடக் கேட்காதவள், இந்த ஒன்றை மட்டும் ஆசைப்பட்டாள். அந்த ஹாலில் கரும்பலகை எந்தச் சுவரில் இருக்க வேண்டும், கடைசி வரிசைக்குக் குரல் கேட்குமா என்றெல்லாம் என் இஸ்திரி மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசுவாள். நானும் ஊம் கொட்டுவேன்.

கயிறு வந்தது ஒரு மழை நாளில். துணி காயப்போட வழியில்லாமல் என் நீலக் கொடிக்கயிறு சும்மா சுருண்டு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மேலே போனவள், ஒரு முனையை ரொட்டிக்கடைக்காரரிடமும் மறுமுனையை மெக்கானிக்கிடமும் கொடுத்தாள். ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். மூன்றாவது ஆள் நடுவில் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு இணைக்கும் சொல்லைச் சொல்ல வேண்டும். 'ஸோ' என்றால் காரணத்திலிருந்து விளைவை நோக்கி நடக்கணும். 'பிகாஸ்' என்றால் விளைவிலிருந்து காரணத்துக்குத் திரும்பி நடக்கணும். 'பட்' என்றால் பாதி வழியில் முகத்தைத் திருப்பிக்கணும். 'ஆல்தோ' மட்டும் நடுவில் நிற்காது, முதல் ஆளுக்கு முன்னால் போய் நிற்கும். நம் ஆட்கள் 'ஆல்தோ'வை முன்னால் நிறுத்திய கையோடு நடுவில் ஒரு 'பட்'டையும் நிறுத்திவிடுவார்கள். "ஒரு வேலைக்கு எதுக்கு ரெண்டு ஆளு? ஒருத்தர் போய் உக்காருங்க" என்று விரட்டுவாள்.

இன்னொரு வழக்கமும் அந்த அறைக்கு உண்டு. ஒருநாள் ஆயாம்மா 'என் மகன் உயரமானவன்' என்றார். மெக்கானிக் 'லிஃப்டில் எண்ணெய் இல்லை' என்றார். நடுவில் நின்றவர் 'ஸோ' போட்டுப் பார்த்தார், 'பிகாஸ்' போட்டுப் பார்த்தார், வியர்த்துப்போனார். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அண்ணி சொன்னாள்: "ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லன்னா இழுத்துக் கட்டாதீங்க. கயிறைக் கீழ விட்டுடுங்க. விடுறவங்களுக்கு எல்லாரும் கைதட்டுங்க, அதுக்குத்தான் தைரியம் வேணும்." அன்றிலிருந்து யாராவது கயிற்றை விட்டால் அறையே தட்டும். கீழே இஸ்திரி போட்டுக்கொண்டே நானும் தட்டுவேன்.

கயிறு டீச்சர் என்று பெயர் பரவி, மாடிப்படியில் இடம் கேட்டு ஆட்கள் நின்றார்கள். இத்தனை வருஷத்தில் என் அண்ணன் மட்டும் ஒரு வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை. கீழே நின்று விசிட்டிங் கார்டு கொடுப்பான். அதில் நிறுவனர் என்று போட்டிருக்கும்.

பெரிய ஹால் கிடைத்துவிட்டது என்று அவன் வந்து சொன்ன நாளில் அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கூடவே ஒரு பெண்ணையும் அழைத்து வந்தான். செய்தி வாசிக்கிறவர்களைப் போல அப்படி ஒரு குரல். நான் ரேடியோ என்று பெயர் வைத்தேன்.

"சின்ன வகுப்புகளை இவங்க பாத்துக்கட்டும். நீ பெரிய ஹாலைப் பாரு. உன் முறையை எல்லாம் இவங்களுக்குச் சொல்லிக்கொடுத்துடு" என்றான்.

அண்ணி ஒளிவுமறைவு இல்லாமல் கற்றுக்கொடுத்தாள். எப்போது நடப்பது, எப்போது திரும்புவது, கூச்சப்படுகிறவர்களை எப்படி எழுப்புவது, எல்லாம். நீங்கள் நினைக்கிற மாதிரி அந்தப் பெண்ணுக்கும் என் அண்ணனுக்கும் நடுவில் எதுவும் இல்லை. அப்படி இருந்திருந்தால்கூட அண்ணிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

திறப்பு நாளுக்கு அண்ணியின் புடவையை நானே இஸ்திரி போட்டேன், மடிப்பு மடிப்பாக. ஹால் நிறைந்திருந்தது. பழைய மாணவர்கள் பின் வரிசையில். அண்ணி மேடை ஓரத்தில் கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மேடைப் பலகையின் துணியை விலக்கினார்கள். அதில் என் அண்ணன் படம். பக்கத்தில் ரேடியோ, தலைமை ஆசிரியை என்று. அண்ணியின் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை.

நான் பாய்ந்துபோய் அண்ணன் கையைப் பிடித்தேன். "என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"சத்தம் போடாத. உன் அண்ணி பாடம் நல்லாத்தான் நடத்துவா. ஆனா உச்சரிப்பு வீட்டு உச்சரிப்பு. மெயின் ரோட்டுக் கூட்டத்துக்கு எடுபடாது. வருமானம் எல்லாம் நம்ம குடும்பத்துக்குத்தானே? அவ புரிஞ்சுப்பா."

"அவகிட்ட சொன்னியா?"

"சொன்னா ஒத்துக்குவாளா?"

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் வீட்டிலேயே, என் ரத்தமே அதைச் செய்வதைப் பார்த்தது அன்றைக்குத்தான். தானாடாவிட்டாலும் தசை ஆடுமாம். எனக்கு ஆடவில்லை, பற்றி எரிந்தது.

அவன் மைக்கைப் பிடித்தான். "பல வருஷம் யோசிச்சு நான் உருவாக்கின கயிறு முறையை நம்ம தலைமை டீச்சர் இப்ப செஞ்சு காட்டுவாங்க" என்றான். ரேடியோ அண்ணியைப் பார்த்தது. அதன் முகம் வெளுத்துவிட்டது, அதற்கும் இப்படி என்று தெரியாதுபோல. "ஒரு முனையை என் மனைவி பிடிப்பாங்க. இன்னொரு முனையை நானே பிடிக்கிறேன்" என்று அண்ணன் சிரித்தான்.

தான் நடத்த வேண்டிய முதல் பாடத்தில், தன் கயிற்றின் முனையைப் பிடிக்கும் ஆளாக அண்ணி மேடையேறினாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எனக்குத்தான் தாரை தாரையாகக் கொட்டியது.

அண்ணன் பார்வையாளர்களைப் பார்த்து ஆங்கிலத்தில் தன் வாக்கியத்தைச் சொன்னான்: "மை வைஃப் இஸ் வெரி ஹேப்பி டுடே."

ரேடியோ நடுவில் வந்து கயிற்றைத் தொட்டது. "மேடம், உங்க வாக்கியம்?" என்றது.

அண்ணி அவனையே பார்த்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஐ கேம் ஹியர் டு டீச்" என்றாள், வீட்டு உச்சரிப்பில், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

ரேடியோ இந்த முனையைப் பார்த்தது, அந்த முனையைப் பார்த்தது. இணைக்கும் சொல் ஒன்றும் கிடைக்கவில்லை. அண்ணி விரல்களைப் பிரித்தாள். நீலக் கயிறு தரையில் விழுந்தது.

பின் வரிசையில் முதலில் ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். பிறகு மெக்கானிக், ஆயாம்மா, எல்லாரும். கைதட்டினார்கள். நானும் கண்ணைத் துடைக்காமல் தட்டினேன். ஒன்றும் புரியாத முன் வரிசைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அண்ணி மேடையிலிருந்து இறங்கி, யார் பக்கமும் திரும்பாமல், வாசலைப் பார்த்து நடந்தாள். என் அண்ணனுக்கு முகமெல்லாம் பல். கயிற்றின் மறுமுனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவள் கதவைத் தாண்டிப் போகிறவரைக்கும் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டிக்கொண்டிருந்தான்.