அந்த லெந்து காலத்துப் பூக்கள்

மார்ச் மாதக் காலையில் எங்கள் ஆஸ்டின் டவுன் பக்கம் நடந்தால் செருப்பின் அடியில் ஏதோ வழுக்கும். குனிந்து பார்த்தால் இளஞ்சிவப்புப் பூவொன்று நசுங்கி, ஈரத்துணி போன்ற மெல்லிய வாடையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மரத்தின் பெயர் எங்களுக்குத் தெரியாது, "பிங்க் பூ மரம்" என்போம். இலையையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நின்று, பிறகு திடீரென்று கிளையே தெரியாமல் பூத்துவிடும் அந்த மரத்தைக் காட்டித்தான் எங்கள் சண்டே கிளாஸில் உயிர்த்தெழுதலைச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாடம் எங்களைவிட அம்மாவுக்குத்தான் அதிகம் பிடித்துப்போயிற்று. ரோஜாத் தொட்டியில் ஒரு துளிர் விட்டால் போதும், எங்களைக் கூப்பிட்டு, ஆண்டவர் என்ன சொல்கிறார் பாருங்கள் என்பாள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து தொடங்கிய வாரத்தில் அண்ணன் ஜோயலுக்குக் காய்ச்சல் வந்தது. என்னைவிட இரண்டு வயது பெரியவன். சர்ச்சில் பாடகர்களின் முன்வரிசையில் நின்று பாடுகிறவன். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். கழுத்து விறைத்துக் கண் செருகியபோது அப்பா தன் ஆட்டோவிலேயே அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூளைக்காய்ச்சல் என்றார்கள்.

வார்டு ஜன்னலுக்கு வெளியேயும் அதே மரம் ஒன்று, இலையில்லாமல் நின்றது. அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். "எல்லாம் கொட்டிட்டு செத்த மாதிரி நிக்குதுல்ல, ஈஸ்டருக்குள்ள பூத்துரும் பாரு. நம்ம பையனையும் ஆண்டவர் அப்படித்தான் எழுப்புவாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "ஸ்வல்ப பொறுங்கம்மா, கொஞ்சம் பொறுங்க" என்று கன்னடம் கலந்து சொல்வதற்கு மேல் நர்சுகள் எதுவும் சொல்லவில்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். விடிந்ததும் கிளைகளைப் பார்த்த பிறகுதான் அண்ணன் முகத்தைப் பார்ப்பாள். மொட்டு தென்படாத நாளில் யாரோடும் பேசமாட்டாள். கிறிஸ்துமஸைத் தவிர வேறு நாளில் சர்ச் பக்கம் வராத அப்பா, ஒருநாள் வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "மரம் பூக்கலைன்னா உங்கம்மா என்ன ஆவா?" என்று கேட்டார். அந்தச் சின்ன வயதில் என்னிடம் கேட்கிறாரே என்று பயந்துபோனேன்.

மரம் பூத்தது. ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு கழிந்த வாரம் அண்ணன் கண்ணைத் திறந்தான். அம்மா அங்கேயே முழங்காலிட்டு வாய்விட்டு அழுதாள். உதிர்ந்த பூக்களை முந்தானையில் அள்ளிவந்து அவன் படுக்கையில் கொட்டினாள். தெருவில் விளையாடுவதுபோல நான் ஒரு பூவின் வாயை விரலால் பொத்தி நெற்றியில் அடித்து "டப்"பென்று வெடித்துக் காட்டினேன். அவனும் ஒன்றை எடுத்து அடித்தான், பிறகு இன்னொன்றை. அதன்பிறகு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி உரத்த குரலில், "ஏம்மா சத்தமே வரல?" என்றான்.

அம்மா பதில் சொன்னாள். அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காது நரம்பு போய்விட்டது, இனித் திரும்பாது என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். ஈஸ்டர் ஆராதனை முடிந்து, கை நிறைய வெள்ளைப் பூக்களோடு பாஸ்டர் வந்து, பிள்ளைக்கு ஆண்டவர் புது ஜீவன் தந்திருக்கிறார் என்று ஜெபிக்கத் தொடங்கினார். அம்மா அவரை நிறுத்தினாள்.

"பூக்குறதுல பாடம் இருக்குன்னு சொல்லிக் குடுத்தீங்க. கொட்டுன பூவுல என்ன இருக்குங்க ஐயா?"

அவர் பூக்களை ஓரமாக வைத்தார். "தெரியலம்மா" என்றார். வெயில் இறங்கும்வரை எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு போகாத ஜெபக்கூட்டம் இல்லை. யார் யாரோ ஜெபித்துக் கொடுத்த எண்ணெய் அவன் காதிலிருந்து வழிந்து தலையணையைக் கறையாக்கியது. அடுத்த மார்ச்சில் தெருப்பக்கத்து ஜன்னலை அவள் சாத்தியே வைத்தாள். அண்ணன் காது கேளாதோர் பள்ளியில் சேர்ந்து கைகளால் பேசக் கற்றான். நானும் அப்பாவும் சீக்கிரமே கற்றுக்கொண்டோம். அம்மாதான் கடைசி. கற்றுக்கொண்டால் அவன் இனிக் கேட்கமாட்டான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் தெரு மரங்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரியின் பழைய வார்டும் இல்லை, அப்பாவும் இல்லை. அம்மா இன்றும் சர்ச்சுக்குப் போகிறாள், ஆனால் எந்தத் துளிரையும் காட்டி எதையும் சொல்வதில்லை. அண்ணன் தன்னைப்போலவே காது கேளாத ஒரு பெண்ணைக் கட்டினான். சென்ற மாதம் அவர்களுடைய குழந்தைக்கு ஞானஸ்நானம். புதிதாக வந்திருக்கும் இளம் பாஸ்டர் குழந்தையை வசந்தகாலத்து மொட்டு என்றார். எல்லோரோடும் சேர்ந்து அம்மாவும் ஆமென் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் குழந்தையை உள் அறைக்குத் தூக்கிப்போய், அதன் கண்ணில் படாமல் தலைமாட்டில் நின்றுகொண்டு, மெல்ல நாக்கைச் சொடுக்கினாள். குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்பியது. அம்மா மூச்சை விட்டாள். பிறகு நம்பிக்கை வராமல் மறுபக்கம் போய் நின்று, மறுபடியும் சொடுக்கினாள்.