செல்லோவின் வயிறு

2004 ஜூன் 14: வேலையில் சேர்ந்தது. மாதச் சம்பளம் 3,200.
2009 ஏப்ரல் 1: சம்பள உயர்வு. 5,100.
2013 ஏப்ரல் 1: சம்பள உயர்வு. 8,750.
2016 ஆகஸ்ட் 22: மூக்குக் கண்ணாடி வாங்க முன்பணம். 2,400.
2016 நவம்பர் 21: பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றம். 7,000.

எங்கள் பட்டறைப் பதிவேட்டில், நாங்கள் காது அக்கா என்று கூப்பிடுபவரைப் பற்றி 2016 முடிய இருப்பது இந்த ஐந்து வரிகள்தான். பன்னிரண்டு வருடம் உயர்ந்த சம்பளம் கடைசி வரியில் ஏன் இறங்கியது என்று பதிவேடு சொல்லாது. அதை எழுதிய எனக்குத் தெரியும்.

நாங்கள் செய்தது விலை உயர்ந்த ஹெட்ஃபோன். ஒரு ஜோடி 96,000. அக்காவின் பதினோரு மாதச் சம்பளம். வாங்குபவர்களில் பெரும்பாலோர் வயலினும், மடியோடு சாய்த்து வாசிக்கும் கனத்த குரல் செல்லோவும் கேட்பவர்கள். கம்பி வாத்தியத்தை ஹெட்ஃபோனில் கொண்டுவருவது சுலபமல்ல. மத்தளத்தில் ஒரு அடி விழுந்தால் ஓசை எழுந்து அடங்கிவிடும். வில் அப்படி இல்லை. ஸ்வரம் முடியும்வரை கம்பியை உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசலின் சொரசொரப்பு, கம்பியின் நாதம், அதை வாங்கி முழங்கும் மரம், மூன்றும் தனித்தனியாகவும் கேட்க வேண்டும், ஒன்றாகவும் கேட்க வேண்டும்.

பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு ஜோடியையும் ஒரு மனிதர் கேட்டுச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். முதலில் அதற்கு ஒரு வயலின் வித்வானை வைத்தோம். பதினேழு நாள் இருந்தார். ஹெட்ஃபோனை விட்டுவிட்டு, அதில் வாசித்தவரைப் பிடித்துக்கொண்டார். "மூணாவது விரல் தள்ளி விழுது, தூக்கிப் போடுங்க" என்று எழுதிவைப்பார். அவர் போனபின் வந்தவர்தான் அக்கா. தொலைபேசி இணைப்பகத்தில் பத்தொன்பது வருடம் இணைப்புக் கொடுத்தவர். சங்கீதம் படித்ததில்லை. இரைச்சலை வைத்தே எந்த ஊர் லைன் என்று சொல்லிவிடுவார்.

அவருடைய அறை எட்டடிக்கு ஆறடி. சுவரெல்லாம் பஞ்சு, ஒரு மரநாற்காலி, ஒரு மேஜை, மூன்று பதிவுகள்: தனி வயலின், தனி செல்லோ, நால்வர் சேர்ந்து வாசித்தது. தேறாத ஜோடிக்கு ஒரு சீட்டு எழுதுவார். "மரம் பேசவில்லை, கம்பி மட்டும் பேசுகிறது." "வில்லுக்கு எண்ணெய் தடவின மாதிரி வழுக்குகிறது." நாங்கள் சிரிப்போம். அளவுக்கருவியில் வைத்துப் பார்த்தால் அக்கா சொன்ன இடத்தில்தான் கோளாறு இருக்கும். அந்தக் கருவி ஒரு உலோகத் தலை. இரு பக்கமும் ரப்பர் காது, உள்ளே மைக். அதற்கு இரும்புத் தலையன் என்று பெயர்.

2016 ஜனவரி முதல் ஆகஸ்ட் 28 வரை அக்கா கேட்டது 312 ஜோடி. கழித்தது 13. ஆகஸ்ட் 29 முதல் நவம்பர் 16 வரை கேட்டது 118. கழித்தது 41. நாற்பத்தோரு சீட்டிலும் ஒரே வாசகம்: "செல்லோவுக்கு வயிறு இல்லை." இரும்புத் தலையனோ நாற்பத்தொன்றையும் பழுதில்லை என்றது.

பட்டறையில் கேலி தொடங்கியது. ஹெட்ஃபோனில் காதைச் சுற்றி உட்காரும் குஷனைத் தைக்கும் தையற்காரர் அக்காவின் கதவைத் தாண்டும்போதெல்லாம், "அக்கா, அந்த செல்லோவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடுங்க, வயிறு தானா வந்துடும்" என்பார்.

"உன் வாய்க்கு ஒரு குஷன் தைச்சு மாட்டிக்கோ" என்பார் அக்கா.

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர். கடன் வாங்கித் தொழில் நடத்துபவர். நவம்பர் 17 வியாழக்கிழமை, என்னையும் வைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஐம்பத்தாறு வயசு. காது கொஞ்சம் தேயறது இயற்கைதானே? ஒரு டாக்டர்கிட்ட..."

அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் முதுகுவலியால் வீட்டில் இருந்தார். ஆனால் அந்த நேரத்தில் அக்காவின் முகத்தில் நான் பார்த்தது சம்பளக் கவலை மாதிரித் தெரியவில்லை. உன் காது பொய் சொல்கிறது என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

எனக்கு ஒன்று உறுத்தியது. "வயசான காது முதல்ல இழக்கறது உச்ச ஓசையைத் தம்பி. வயலின்தான் மங்கணும். நாற்பத்தோரு சீட்டுல வயலின் பேரே இல்லையே" என்றேன் முதலாளியிடம்.

"அப்போ வேற என்னண்ணே?" என்றார் அக்கா என்னைப் பார்த்து.

பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். கழிவு கூடத் தொடங்கியது ஆகஸ்ட் 29. அதற்கு முந்தைய வாரம் கண்ணாடிக்கு முன்பணம். நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் கண்ணாடிச் சட்டம் எருமைக் கொம்பு மாதிரி தடிமனானது. விழுந்தால் உடையாது என்று வாங்கியது. அதன் கை காதுக்கு மேலே போகும் இடத்தில்தான் ஹெட்ஃபோன் குஷன் உட்கார வேண்டும்.

செல்லோவின் கீழ் ஓசை, குஷனுக்கும் காதுக்கும் இடையே அடைபட்ட காற்றில்தான் உயிர்வாழும். ஒரு இடுக்கு இருந்தால் போதும், ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி ஒழுகிவிடும். வயலினுக்கு ஒன்றும் ஆகாது. இத்தனை வருடம் இதே தொழில் செய்த நாங்கள் பத்துப் பேரும் கழிந்த ஜோடிகளைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தோம். அக்காவின் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "இதை அந்த இரும்புத் தலையனுக்கு மாட்டுங்க."

தையற்காரர் மாட்டினார். "மாப்பிள்ளைக்குக் களை வந்துடுச்சு" என்றார். கழித்த ஜோடியில் ஒன்றை அதன்மேல் வைத்து முதலாளி கருவியை ஓட்டினார். திரையில் கோட்டின் இடதுபக்கம், கீழ் ஓசையைக் காட்டும் பக்கம், படிக்கட்டில் உருண்டதுபோல் சரிந்தது. கழித்ததும் தேறியதுமாக இன்னும் மூன்று ஜோடி பார்த்தோம். குஷன் கொஞ்சம் விறைப்பாக இருந்தவைதான் சரிந்தன.

முதலாளி பெருமூச்சு விட்டார். "அப்பாடா! காது நல்லா இருக்கு. அக்கா, நாளையிலிருந்து கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேளுங்க. நாற்பத்தொன்னும் இந்த வாரமே போகட்டும்."

பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கலாம். அக்கா விடவில்லை.

"வாங்கறவங்க கழட்டிட்டா கேப்பாங்க?"

"என்னக்கா?"

"தொண்ணூத்தாறாயிரம் குடுத்து இதை வாங்க எந்த வயசுல கையில காசு சேரும்? அந்த வயசுல யாருக்குத் தம்பி கண்ணாடி இல்ல? நான் கேட்டதைத்தான் அவங்களும் கேப்பாங்க. வயிறு இல்லாததை இருக்குன்னு நான் எழுத மாட்டேன்."

"குஷனை மாத்தணும்னா அச்சு மாத்தணும், நுரை மாத்தணும். யார் குடுப்பா? கருவியே சரின்னு சொல்லுது."

"கருவி காசு குடுத்து வாங்கப்போறதில்லையே."

திங்கட்கிழமை வரை முதலாளி பொறுத்தார். அக்கா கண்ணாடியோடுதான் கேட்டார், மேலும் இரண்டு ஜோடியைக் கழித்தார். முதலாளி மாற்றல் சீட்டை எழுதி என்னிடம் கொடுத்தார். ஐந்தாவது வரி அப்படித்தான் என் கையெழுத்தில் ஏறியது. அக்காவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. தலையன் மட்டும் சோதித்தது. அக்கா கீழ்த்தளத்தில் அட்டைப்பெட்டி மடித்தார். மடிப்பில் ஒன்றுகூடக் கோணல் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு உட்கார்ந்தாலும் ஹெட்ஃபோன் பற்றிப் பேச மாட்டார்.

டிசம்பரில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. திரும்பி வந்த சரக்கோடு வந்த கடிதங்களையெல்லாம் எடுத்து அடுக்கினேன். அவற்றில் இரண்டு ஒரே மனிதருடையவை. செல்லோ சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். முதல் கடிதத்தில், "என் வாத்தியம் பக்கத்து வீட்டில் வாசிக்கப்படுவதுபோல் இருக்கிறது" என்று எழுதியிருந்தார். மாற்று ஜோடி அனுப்பியதற்கு, "பக்கத்து வீட்டுக்காரர் இப்போது கதவையும் சாத்திவிட்டார்" என்று பதில். இரண்டையும் முதலாளி மேஜையில் வைத்தேன்.

அவர் இரண்டையும் படித்து முடித்தார். "இந்த ஆள் கண்ணாடி போடறவரா?"

"தெரியாது தம்பி."

"சரி. ஒரே ஒரு ஜோடிக்கு மட்டும் குஷனை மாத்தி அவருக்கு அனுப்பிப் பார்ப்போம். அதுக்கும் அவர் குறை சொன்னா, இந்தப் பேச்சு இதோட நிக்கணும். அக்காவும் கீழேயே இருக்கட்டும்."

தையற்காரர் கேலியை மூட்டை கட்டிவிட்டு உட்கார்ந்தார். மிருதுவான நுரை வாங்கி, கண்ணாடியின் கை படியும் இடத்தில் மட்டும் உள்ளே ஒரு பள்ளம் வெட்டி, மேலே மெல்லிய தோல் போர்த்தினார். எட்டு முறை பிரித்துத் தைத்தார். ஒவ்வொரு முறையும் பெட்டி மடிக்கும் இடத்துக்கே எடுத்துப் போவார். அக்கா கண்ணாடியோடு கேட்பார்.

"இன்னும் பசிக்குது" என்பார். தையற்காரர் திரும்பிப் போவார். எட்டாவது முறை செல்லோவின் கீழ் ஓசை தரும் நாலாவது கம்பியில் வில் முழுதாக ஓடி முடியும்வரை அக்கா கண்ணை மூடியிருந்தார். "ம்" என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 20 அன்று அந்த ஜோடியை ஆசிரியருக்கு அனுப்பினோம். குஷன் மாறியதைப் பற்றி ஒரு வரியும் எழுதக்கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்தப் பெட்டியை மடித்ததும் அக்காதான். ஒட்டிய நாடா கோணலானதால் அதைப் பிரித்து இரண்டாம் முறை ஒட்டினார்.

பதில் கடிதத்தை முதலாளி நின்றபடி படித்தார். பிறகு கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய், பெட்டிகளுக்கு நடுவே அதை அக்கா கையில் கொடுத்தார். மூன்றே வரி: "என் வாத்தியம் என் மடிக்கே திரும்பிவிட்டது. இசைக்குறிப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். இதைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்."

"இசைக்குறிப்பைப் பாத்துக்கிட்டே கேட்டேன்னு எழுதியிருக்கார். அப்போ கண்ணாடிக்காரர்தான்" என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது அழுதார்.

"மேலே வாங்கக்கா. இனிமே தலையனுக்கும் ஒரு கண்ணாடி வாங்கிடலாம்" என்றார் முதலாளி.

அக்கா அன்று மதியமே தன் அறைக்குப் போனார். அந்த ஆசிரியரிடமிருந்து அதன்பின் குறை சொல்லிக் கடிதம் எதுவும் வரவில்லை. அவருடைய கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த தேதி 2017 பிப்ரவரி 9, வியாழக்கிழமை.